முதல் எட்டு எழுத்து

கடிதம் பதினொரு பக்கம்.
பக்கத்துக்கு எண்ணூறு ரூபா, முத்திரைக்குத் தனியாக இருநூறு
என்றேன். அருளப்பு பேரம் பேசவில்லை.
கொழும்புத்துறை வீதியிலிருந்து சைக்கிளில் வந்தவர்.
வெல்டிங் கண்ணாடி இன்னும் நெற்றியில் இருந்தது.

லண்டனில் ஒரு நீதிபதி
அவருடைய மகன் அனிஸ்ரனைப் பற்றி
இலக்கமிட்ட பந்திகளில் எழுதியிருந்தார்.
நான் வாசிக்கத் தொடங்குமுன்பே
முப்பத்தோராம் பந்தியில் விரல் வைத்தார் அருளப்பு.
நகக்கண்ணில் கரி.
"தங்கச்சி, இது என்ர போர்ட்டில கிடக்கிற சொல்லெல்லோ?"

இங்கிலிஸ் வாசிக்க மாட்டார். ஆனால் அந்தப் பலகைக்கு
எழுத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு கொடுத்தவர்.
எண்ணிக் காட்டினார்.
முதல் எட்டு எழுத்தும் அச்சொட்டு.
வால்தான் வேறு.

ஃபப்ரிகேற்.

அகராதியை எடுத்தேன், நேரம் கடத்தத்தான்.
இலத்தீனில் ஃபாபெர் என்றொருவன் இருந்தான்,
கெட்டியான எதையும் அடித்து வளைப்பவன்,
கொல்லன் என்றும் சொல்லலாம், தச்சன் என்றும் சொல்லலாம்.
அவன் வேலை செய்த கொட்டிலின் பெயரிலிருந்து இந்த வினை.
இங்கிலிசுக்கு வந்து முந்நூறு வருசம்
கட்டுவதைத் தவிர வேறொன்றும் அறியாமல் கிடந்தது.
பிறகு யாரோ அதற்குப் பொய் சொல்லப் பழக்கினார்கள்.

தமிழ் மட்டும் என்ன திறம்?
வீட்டைக் கட்டுகிற கையோடு கதையையும் கட்டுகிறோம்.
மாலை புனைவோம், பொய்யும் புனைவோம்.
கோயில் திருநாளுக்கு அருளப்பு பொருத்துகிற மின்விளக்கு வளைவு
சோடனை.
பொலிஸ் சோடிக்கிற வழக்கும்
அதே சோடனை.

இதை அவரிடம் சொல்லவில்லை.
பந்தி பன்னிரண்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அங்கேயும் அந்த எட்டு எழுத்து, அவருடைய பலகையின் வாலோடு:
தகப்பன் ஒரு ஃபப்ரிகேற்றர்,
ஆகவே விண்ணப்பதாரியின் முதுகிலுள்ள தழும்புகள்
பட்டறையில் ஏற்பட்டிருக்கக்கூடும்.
முப்பத்தொன்றில்:
ஆகவே அவர் கூறியது யாவும் ஃபப்ரிகேற்றட்.

இங்கிலிசில் இரண்டும் ஒரே வெல்டில் ஒட்டிக் கிடந்தன.
நான் தமிழில் எழுதினால் விட்டுப்போகும்.
இங்கே இரும்பு வேலைகாரர்,
அங்கே கட்டுக்கதை.
தொழிலும் குற்றமும் ஒரே கொட்டிலில் பிறந்ததை
என் மொழிபெயர்ப்பு மறைத்துவிடும்.
சத்தியம் செய்து எடுத்த முத்திரை
மேசையில் மை காய்ந்து கிடந்தது.

வாசித்தேன். இரண்டையும்.

"அவன் என்ர பட்டறைக்குள்ள காலே வைக்கேல்லை" என்றார்.
"அந்த வெளிச்சம் அவன்ர கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது.
சின்னனில ஒருக்கால் எட்டிப் பார்த்துப்போட்டு
ரெண்டு நாள் கண்ணில தண்ணி."

அப்புறம் கேட்டார், ஏன் நம்பவில்லையாம்?
திகதி, என்றேன். ஓரிடத்தில் மாசி, இன்னோரிடத்தில் பங்குனி.
அறைக்குக் கதவு ஒன்று, பிறகு இரண்டு.
முன்னுக்குப் பின் பொருந்தவில்லை.

அருளப்பு கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்,
ஒரு சட்டத்தின் மட்டம் பார்ப்பதுபோல.
"செய்த சாமானெண்டால் பொருந்தும், தங்கச்சி.
பொருந்தாட்டி கிரைண்டர் பிடிச்செண்டாலும் பொருத்தியிருப்பம்.
மூட்டே தெரிஞ்சிராது.
பெடியன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான்,
அதுதான் இப்பிடிக் கோணலாய்க் கிடக்கு."

இதையும் எழுதலாமோ என்று கேட்டார்.
மொழிபெயர்ப்பில் சேர்க்க முடியாது,
மேன்முறையீட்டுக்கு வேறு சத்தியக்கடதாசி வேண்டும் என்றேன்.
அதற்கு எவ்வளவு என்றார்.
நான் தொகை சொல்லவில்லை. வெள்ளைத்தாளைச் செருகினேன்.
பெயர், வயது, முகவரி.
தொழில் என்ற கட்டத்தில்
கை நின்றது.

"எழுதுங்கோ," என்றார், "அதே சொல்லையே எழுதுங்கோ.
பலகையில கிடக்கிற மாதிரி."

வெளியே போகும்போது என் கேற்றைத் தூக்கிப் பார்த்தார்.
பிணைச்சல் விட்டுட்டுது,
நாளைக்கு வாறன்.